கருவில் பட்ட பசி

ஆசிரியர் அவர்களுக்கு,

வரன் பார்க்கும் வீடுகளில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய் பற்றிய பேச்சு, "அது அந்தக் குடும்பத்து ரத்தத்திலேயே ஓடுகிறது" என்பதோடு முடிந்துவிடுகிறது. பரம்பரைக்குப் பங்கு உண்டு. பொதுவாக நூற்றில் ஒருவருக்கும் குறைவாக வரும் இந்நோய், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவுக்கு வருகிறது. ஆனால் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில்கூட, ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வராமல் போவதே அதிகம்.

மிச்சக் காரணங்களில் ஒன்றான கருக்காலப் பசியைச் சீனத்தில் பார்க்கலாம். 1959-61 பெரும்பஞ்சம் கடுமையாகத் தாக்கிய ஆன்ஹுய் மாகாணத்தின் வூஹு வட்டாரத்தில், 1959இல் பிறந்தவர்களில் 0.84 சதவீதத்தினருக்கு மனச்சிதைவு வந்தது. 1960இல் பிறந்தவர்களில் 2.15, 1961இல் 1.81. பிறகு குவாங்சியின் லியூஜோ வட்டாரத்தில் பார்த்தபோது இந்த ஏற்றம் கிராமங்களில் மட்டுமே தெரிந்தது. நகரத்தாருக்கு ரேஷன் இருந்தது. விளைவித்தவனின் தானியம்தான் அரசுக் கொள்முதலில் போனது! 1944-45 பஞ்சத்தின் உச்சத்தில் கருவான டச்சுக் குழந்தைகளிடமும் ஏறத்தாழ இதே இரு மடங்கு. இனம் வேறு, பசி ஒன்று. அதற்காக யாரும் அஞ்ச வேண்டாம்: வூஹுவிலும் நூற்றில் 97 பேருக்கு மேல் தப்பினார்கள்.

நம் திட்டங்கள் தவறவிடுவது காலத்தை. கருத்தரித்த 28 நாளுக்குள் மூளை, தண்டுவடத்துக்கான நரம்புக்குழல் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போனதே தெரியும். அரசின் மகப்பேறு நிதியுதவியோ 12 வாரத்துக்குள் பதிந்தால் போதும் என்கிறது. 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கொண்ட மாத்திரை நாலாம் மாதத்தில்தான் தொடங்குகிறது. தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்க ஒரு மாதம் முன்பே ஆரம்பித்து 12 வாரம் வரை விடாமல் சாப்பிட்டால்தான் பலன். நரம்புக்குழல் சரியாக மூடாததால் வரும் தண்டுவடக் குறையை அது தடுப்பது நிரூபணமானது. மனச்சிதைவைத் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை. பஞ்ச ஆய்வாளர்கள் சந்தேகிக்கும் பல சத்துக்குறைகளில் ஃபோலேட்டும் (உணவில் உள்ள ஃபோலிக் அமில வகைச் சத்து) ஒன்று, அவ்வளவே.

வலிப்புக்கும் மனநிலைக் கோளாறுக்கும் தரப்படும், கருவின் தண்டுவடத்தைப் பாதிக்கக்கூடிய வால்ப்ரோயேட் மருந்தைச் சாப்பிடும் பெண்கள் மட்டும், கருவுறத் திட்டமிடும்போதே மருந்தை மாற்றுவது பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். தாமாக நிறுத்திவிடக் கூடாது.

கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் புதுமணத் தம்பதிகளுக்கு ஏற்கெனவே இடம் உண்டு. அந்த வீடுகளுக்குப் போகும் முதல் நாளே மூன்று மாத ஃபோலிக் அமில மாத்திரையைக் கொடுத்து, எடையையும் ஹீமோகுளோபினையும் பார்த்துக் குறித்துவர சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
மனநல சமூகப் பணியாளர், மதுரை