ஈஎஸ்சி (வண்டி வழுக்காம பாத்துக்குற சிஸ்டம்) லைட் கோளாறு, 3 மாசமா அலைய விடுறீங்க – புகார்

கஸ்டமர் கேர் மேனேஜர் சார்/மேடம், வணக்கம்.

இது நான் அனுப்புற 5வது மெயில். முந்தின 4க்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது"ன்னு வந்ததோட சரி.

உங்க கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டர்ல என் ஸ்போர்ட்ஸ் காருக்கு வீல் அலைன்மென்ட் பண்ணி எடுத்த நாள்ல இருந்து ஸ்டியரிங் நேரா நிக்க மாட்டேங்குது, ரோடு நேரா போகுது ஸ்டியரிங் மட்டும் கொஞ்சம் ரைட்ல திரும்பி நிக்குது. அதுகூட பரவால்ல சார். சிறுமலை ஏறுறப்ப லெஃப்ட் வளைவு ஒவ்வொண்ணுலயும் ஈஎஸ்சி லைட் மினுக்குது, வண்டி தானா பிரேக் புடிக்குது, திரும்பி முடிச்சு ஆக்ஸிலேட்டர் குடுத்தா பவரே வரல. நான் போனது 30 ஸ்பீடு சார், 30! மொத்தம் 18 கொண்டை ஊசி வளைவு, பின்னாடி பஸ்ஸு ஹாரன் அடிச்சுக்கிட்டே வர்றான். இறங்கி வந்து பாத்தா ரைட் சைடு முன் வீல் ரிம் மட்டும் பிரேக் தூசி படிஞ்சு கருகருன்னு இருக்கு, லெஃப்ட் ரிம் பளிச்சுன்னு இருக்கு.

உங்க வண்டி, உங்களுக்குத் தெரியாததா. அலைன்மென்ட் பண்ணா ஸ்டியரிங் எவ்வளவு திரும்பிருக்குன்னு ஈஎஸ்சிக்குச் சொல்ற ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரை ஜீரோ செட் பண்ணணும்ல? இங்க மதுரை தெப்பக்குளம் பக்கம் மெக்கானிக் அண்ணன் ஸ்கேனர் போட்டுப் பாத்தாரு, வண்டி நேரா போறப்பவே ரைட்ல 7 டிகிரி காட்டுது. அதனால லெஃப்ட்ல நான் திருப்புறது ஈஎஸ்சிக்கு கம்மியா தெரியுது, வண்டி அதைவிட ஜாஸ்தி திரும்புது, அப்ப பின்னாடி வழுக்குதுன்னு நினைச்சு வெளிப்பக்க முன் வீலைப் புடிக்குது. அவரே 10 நிமிஷத்துல செட் பண்ணிருப்பாரு, வெளிய கை வச்சா வாரன்டி போயிரும்னு நீங்கதான் சொல்லிருக்கீங்க.

சரின்னு மறுபடி கோயம்புத்தூர் வந்தேன், போக வர 400 கிலோமீட்டருக்கு மேல. காலைல 10 மணிக்கு வரச் சொல்லிட்டு மதியம் 3 மணிக்கு "ஸ்கேனர் வேற பிராஞ்சுக்குப் போயிருக்கு"ங்குறாங்க. இதை போன்ல சொன்னா என்ன? அன்னைக்கு கடையைப் பூட்டிட்டு வந்தேன் சார், என் பொழப்பே நாசமாப் போச்சு.

அங்க இருந்த அட்வைசர் தம்பி, மூஞ்சியக்கூட நிமிர்த்தாம, "ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான் சார், ஈஎஸ்சிய ஆஃப் பண்ணி ஓட்டுங்க, பயமா இருந்தா டிரைவர் போட்டுக்கங்க"ங்குறான். ஏன்ய்யா, ரெண்டு சீட்டு வண்டில டிரைவர் போட்டா என் வீட்டுக்காரம்மா எங்கிட்டு உக்காரும்? டிக்கிலயா? பவர் பூராம் பின் வீலுக்குப் போற வண்டி, மழை ஈரத்துல லேசா மிதிச்சாலே வால் ஆட்டும், அதை அடக்கத்தான அந்த சிஸ்டமே இருக்கு. 1995லயே பாஷ் கம்பெனி பென்ஸ் காருக்குக் குடுத்த சமாச்சாரம் இது, இன்னும் உங்க ஆளுக்கு அது ஒரு பட்டன்!

கோவிச்சுக்காதீங்க, நீங்க நல்லா இருப்பீங்க, ஒரு ஆளை லேப்டாப்போட மதுரைக்கு அனுப்புங்க, சாப்பாடுகூட நான் போடுறேன். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள யாரும் வரலைன்னா கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போட்டுட்டு நேரா கன்ஸ்யூமர் கோர்ட்டுதான், ரெண்டு ரிம் போட்டோவும் பில்லும் பத்திரமா இருக்கு.

ஆமா, மொத தடவை வாங்கி வச்ச ஸ்பேர் சாவியும் இன்னும் உங்ககிட்டதான் இருக்கு. வர்ற ஆள்கிட்ட அதையும் குடுத்து விடுங்க.