லேபிள் சொல்வதைப் பாப்பா நம்ப வேண்டாம்

தருமபுரி,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல், பலர் அதில்தான் கோட்டை விடுகிறார்கள். இங்கே எல்லோரும் சுகம். இந்த வருஷம் மாங்காய்க்கு நல்ல விலை கிடைக்கவில்லை என்று அண்ணன் புலம்பித் தீர்த்தார். இப்போது ராகி விதைப்பில் மும்முரமாகிவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

மற்ற சேதியெல்லாம் அப்புறம். கடிதத்தின் கடைசியில் பாப்பாவைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். வழக்கமாகப் போடும் எல் சைஸ் டாப்ஸ் தோளைத் தாண்டி இறங்கவில்லை, எக்ஸ்எல்லும் இறுக்கிப் பிடித்தது, கடைசியில் டபுள் எக்ஸ்எல் எடுத்துக் கொடுத்துவிட்டு "இதுக்கு மேல உங்களுக்கு இங்க சைஸ் வராதுங்க" என்று கடைப்பெண் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டாள், அன்றிலிருந்து பிள்ளை ராத்திரியில் சாப்பாட்டைத் தொடுவதில்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பாப்பா மேலும் இல்லை, அந்தக் கடைப்பெண் மேலும் இல்லை. காலை முதல் ராத்திரி வரை நின்றே வேலை பார்க்கிறவள், அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். கழுத்துக்குப் பின்னால் தைத்திருக்கிற ஒரு துண்டு லேபிள், காலேஜில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே ஒரு பிள்ளையைப் பட்டினி போட வைக்கிறதே, அதன் மேல்தான் கோபம். போன வருஷம் ரத்தச் சோகைக்கு மாத்திரை சாப்பிட்ட பிள்ளை அவள்.

பெங்களூரில் கார்மெண்ட்ஸில் செக்கிங்கில் இருந்தபோது அந்த லேபிள் எப்படித் துணியில் ஏறுகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். இப்போது என் தையல் கடையிலும் ரெடிமேட் துணியைப் பிரித்துத் தைப்பதுதான் பாதி வேலை. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பாப்பாவிடமும் படிக்கக் கொடு.

ஆடித் தள்ளுபடியில் எடுத்ததை மாற்றித் தர மாட்டோம் என்று கடைகளில் போர்டே வைத்துவிடுகிறார்கள். அதனால் உடம்புக்குச் சேராததெல்லாம் நேராக என் மிஷினுக்கு வருகிறது. நேற்று காரிமங்கலத்திலிருந்து வந்த ஒரு அக்கா மூன்று டாப்ஸ் கொடுத்தார். மூன்றிலும் எக்ஸ்எல் என்றுதான் இருந்தது. மேஜையில் விரித்துப் போட்டு அக்குளிலிருந்து அக்குள் வரை டேப் வைத்தேன். ஒன்று 20 அங்குலம், அடுத்தது 21, மூன்றாவது 22.5. சுற்றளவாகக் கணக்குப் போட்டால் 40, 42, 45. ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் வழக்கமாக இரண்டு அங்குலம்தான் இடைவெளி. இதில் ஒரே சைஸுக்குள்ளேயே ஐந்து அங்குலம் வித்தியாசம்! அந்த அக்காவின் உடம்பு கடைக்குக் கடை ஊதியும் வற்றியுமா போயிருக்கும்?

இது ஏன் இப்படி வருகிறது தெரியுமா? முதலில், 40 என்று லேபிளில் போட்டால் அது எதனுடைய 40 என்பதே கடைக்குக் கடை மாறுகிறது. ஒரு கம்பெனிக்கு அது போடுகிறவருடைய உடம்பின் அளவு. அதற்கு மேல் மூச்சு விட, கையைத் தூக்க இரண்டு மூன்று அங்குலம் லூஸ் விட்டுத் தைப்பார்கள், அதனால் துணியை அளந்தால் 42, 43 வரும். இன்னொரு கம்பெனிக்கு 40 என்பது துணியின் அளவேதான். 38 மார்பு உள்ளவர் முதல் கடையில் 38 எடுத்தால் போதும், இரண்டாவது கடையில் 40 எடுத்தால்தான் மூச்சு விட முடியும். லேபிளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

அப்புறம் வெட்டுகிற முறை. துணியை அடுக்கடுக்காக விரித்து மிஷின் கத்தியால் ஒரே தடவையில் வெட்டுவார்கள், அடி அடுக்குக் கொஞ்சம் விலகும். தைக்கிறவர் கை ஓடுகிற வேகத்தில் தையல் கொஞ்சம் உள்ளே போகும், வெளியே வரும். இதெல்லாம் தெரிந்துதான், அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் பாஸ் செய்யலாம் என்று ஆர்டர் கொடுத்த கம்பெனிக்காரர், அதாவது பையர், தருகிற அளவுத் தாளிலேயே எழுதியிருக்கும். அப்படியென்றால் ஒரே பண்டலில் வந்த இரண்டு துணிகளுக்குள்ளேயே ஒரு அங்குலம் வித்தியாசம் இருக்கலாம், இரண்டையும் நாங்கள் 'ஓகே' என்று அனுப்புவோம். ஒரு சைஸில் பாதி அதிலேயே போய்விட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்தால் காட்டனும் ரேயானும் சுருங்கும். நூற்றுக்கு ஐந்து சுருங்கினாலும் 40 அங்குலத்தில் இரண்டு அங்குலம், அதாவது ஒரு முழு சைஸ்.

ஆனால் எனக்கு ரொம்ப ஆத்திரம் வருகிற இடம் இது இல்லை, செல்வி. பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அச்சு, போடுகிற முறை இருக்கிறதே, அதுதான். நடுத்தர சைஸில் ஒரே ஒரு பெண்ணை நிறுத்தி அவள் உடம்புக்கு ஒரு மாதிரி தைப்பார்கள். அந்த ஒரு பேட்டர்னை வைத்துக்கொண்டு, மேலே போகப் போக எல்லா இடத்திலும் ஒரே கணக்காகக் கூட்டுவார்கள், கீழே வரும்போது குறைப்பார்கள். ஆனால் யாருக்கும் உடம்பு அப்படிக் கணக்காகப் போடுவதில்லை. மார்பு நாலு அங்குலம் கூடினால் தோள் எலும்பு அதே கணக்கில் அகலமாகுமா? ஆகாது. அதனால்தான் டபுள் எக்ஸ்எல்லில் கழுத்து தோளை விட்டு வழிகிறது, அதே துணியில் மேல்கை மட்டும் இறுக்கிப் பிடிக்கிறது. நம் பக்கத்துப் பெண்களுக்கு இன்னும் கஷ்டம். காட்டு வேலை செய்து, தண்ணீர் சுமந்து, மாடு கறந்து மேல்கை உரம் ஏறியிருக்கும். மாதிரிக்கு நின்ற பெண்ணுக்கு அப்படி இருந்திருக்காது. பாப்பாவுக்குத் தோளிலேயே துணி நின்றது என்றாயே, அவள் பள்ளியில் கைப்பந்து ஆடியவள் இல்லையா? அவளுக்குத் தோள் அகலம். தைத்துப் போட்டுக்கொள்ள அதைவிட நல்ல தோள் கிடையாது.

தங்கச்சி மகள் சேலத்தில் ஆடை வடிவமைப்புப் படிக்கிறாள். லீவுக்கு வந்தபோது அவள் பாடத்தில் இருக்கிற கதையைச் சொன்னாள், எனக்குத் தூக்கமே வரவில்லை. அமெரிக்காவில் 1939, 1940-ல் அரசாங்கமே கிட்டத்தட்ட 15,000 பெண்களை நிறுத்தி, எடையோடு சேர்த்து ஒவ்வொருவருக்கும் 59 அளவு எடுத்ததாம். ஆனால் வெள்ளைக்காரப் பெண்களின் அளவை மட்டும்தான் கணக்கில் சேர்த்தார்களாம், மற்ற பெண்களின் அளவை ஒதுக்கிவிட்டார்கள். அதை அடிப்படையாக வைத்து 1958-ல் அரசு ஒரு சைஸ் பட்டியல் போட்டது. யாரும் கட்டாயம் பின்பற்ற வேண்டியதில்லை, கம்பெனிகள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டன, கடைசியில் 1983-ல் அந்தப் பட்டியலையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அங்கே 1937-ல் 32 அங்குல மார்புள்ள கவுனுக்கு சைஸ் 14. அதே 32 அங்குலம் 1967-ல் சைஸ் 8 ஆனது, 2011-ல் சைஸ் பூஜ்ஜியம். சின்ன எண்ணைப் பார்த்தால் பெண்கள் சந்தோஷப்பட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகள் எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கின்றன. பாப்பாவிடம் இதை மட்டுமாவது சொல். எண் குறைந்ததற்கு யாரும் இளைக்கவில்லை, எண் கூடியதால் யாரும் பருத்துவிட்டார்கள் என்றும் இல்லை.

ஆம்பளைங்களுக்குப் பேண்ட் வாங்கினால் 32, 34 என்று இடுப்பை அங்குலத்திலேயே கேட்டு வாங்குகிறார்கள். அதிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனாலும் கேட்பதற்கு ஒரு அளவு இருக்கிறது. நமக்கு மட்டும் எம், எல், 'ஃப்ரீ சைஸ்'. ஜப்பானில் பெண்கள் துணியின் லேபிளில் மார்பு 83, சீட் (பின்புறச் சுற்று) 91, உயரம் 158 என்று போடுகிறவரின் உடம்பு அளவையே சென்டிமீட்டரில் போடுகிறார்களாம். எனக்கு இது போதும். பட்டியல் எதுவாக இருந்தாலும், எந்த உடம்புக்குத் தைத்தது என்று துணியிலேயே எழுதிவிட்டால் யாரும் ட்ரையல் ரூமில் நின்று அழ வேண்டாம்.

நம் நாட்டிலும் ஒன்றிய ஜவுளித் துறையும், நிஃப்ட் என்கிற ஆடை வடிவமைப்புக் கல்லூரியும் சேர்ந்து, ஆறு நகரங்களில் 15 வயதிலிருந்து 65 வயது வரை 25,000 பேரை ஸ்கேனர் வைத்து அளப்பதென்று இறங்கினார்கள். அது நல்ல காரியம்தான். இத்தனை நாளும் வெளிநாட்டுக்காரர்கள் உடம்புக்குப் போட்ட அளவைத்தானே நம் மேல் மாட்டிக்கொண்டிருந்தோம். ஆனால் அமெரிக்கப் பட்டியலுக்கு ஆன கதி இதற்கும் ஆகக் கூடாது என்றால், லேபிளில் அளவு எழுதியாக வேண்டும். எடையளவு விதிகளில் 2022-ல் ரெடிமேட் துணிகளுக்காக ஒரு மாற்றம் வந்தது. திறந்து வைத்து விற்கிற துணியிலும் எஸ், எம், எல் என்பதோடு சென்டிமீட்டரிலோ மீட்டரிலோ அளவும் இருக்க வேண்டும். நிறையத் துணிகளில் அந்த எண் இருக்கிறது, நாம்தான் யாரும் பார்ப்பதில்லை. அதிலும் ஒரு குறை, அது உடம்பின் அளவா துணியின் அளவா என்று எழுதுவதில்லை. கடையில் அதைத்தான் கேட்க வேண்டும். நான் கேட்க ஆரம்பித்துவிட்டேன். இங்கே நாலு ரோடு பக்கத்தில் ஒரு கடைக்காரர் முதலில் முறைத்தார், இப்போது அவரே ஒரு இஞ்ச் டேப் வாங்கி கல்லாவில் வைத்திருக்கிறார். டேப் விலை இருபது ரூபாயோ என்னவோ, அதைக் கூட வைத்துக்கொள்ளாமல் எப்படித் துணி வியாபாரம் செய்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

அளவு தப்பிய செலவெல்லாம் நம் தலையில்தான் விழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். துணிக்குக் காசு கொடுத்து, அதைப் பிரித்துத் தைக்க எனக்கும் கொடுக்கிறார்கள். வாங்குகிற எனக்கே மனசு கேட்பதில்லை. பெரிதாக்கவும் முடிவதில்லை, ரெடிமேட்டில் தையலுக்கு உள்ளே துணியே விடுவதில்லை, ஓவர்லாக் போட்டு ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். நம் அளவு ஜாக்கெட்டில் இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் விட்டுத் தைத்துக் கொடுப்போமே, பிள்ளை பெற்ற பிறகும் ஒரு தையல் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். உடம்பு மாறும் என்று தெரிந்து தைத்தது அது.

பாப்பாவுக்கு நீ செய்ய வேண்டியது இதுதான். மார்பு, இடுப்பு, சீட், தோள், மேல்கைச் சுற்று, இந்த ஐந்தையும் நீயே அளந்து அவள் போனில் எழுதி வைக்கச் சொல். டேப்பை இழுத்துப் பிடிக்காதே, ஒரு விரல் உள்ளே போகிற மாதிரி விடு. கடையில் லேபிளைப் பார்க்காமல் துணியை விரித்து அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து இரட்டிப்பாக்கட்டும். அவள் மார்பளவை விட இரண்டு மூன்று அங்குலம் கூட இருந்தால் எடுக்கலாம். பனியன் துணி மாதிரி இழுபடுவது என்றால் அவ்வளவு தேவையில்லை. காட்டன் என்றால் சுருங்குவதற்கு இன்னும் ஒரு அங்குலம் சேர்த்துக்கொள்ளட்டும். ஆன்லைனில் வாங்கினால் சைஸ் பட்டியலில் 'உடம்பு அளவு' என்று போட்டிருக்கிறதா, 'துணி அளவு' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

அப்புறம், ராத்திரிச் சாப்பாடு. திட்டாதே, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. களியும் கீரைக் குழம்பும் அவளுக்குப் பிடிக்குமே. ஒரு வாரத்தில் சரியாகவில்லை என்றால் தயங்காமல் டாக்டரிடம் கூட்டிப் போ, இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது.

தீபாவளிக்கு அவளுக்கு நான்தான் தைக்கப் போகிறேன், நீ ரெடிமேட் எதுவும் எடுக்காதே. அடுத்த மாதம் லைனிங் துணி எடுக்க பர்கூர் போகிறேன், அங்கேயே அவளுக்கும் இரண்டு சுடிதார் மெட்டீரியல் பார்த்துவிடுகிறேன். அந்த ஐந்து அளவையும், கையும் கழுத்தும் எப்படி வேண்டும் என்று ஒரு படமும் போனில் அனுப்பச் சொல். நிறம் அவள் இஷ்டம். உன் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல், உன் வீட்டுக்காரருக்கு ஷிப்ட் மாறியதா என்றும் எழுது.

அன்புடன்,
சாந்தி