தபால்கார அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

2024 கார்த்திகை வெள்ளத்தில் நடந்ததை நான் இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. தென்பெண்ணைக் கரையில் இருக்கிற யாருக்கும் அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல வீட்டுச் சுவரில் அந்தத் தண்ணீர்க் கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. இப்போது தை பிறந்துவிட்டது. எங்கள் 60 சென்ட்டில் விதை இறங்கி, முளையும் தெரிகிறது. நேற்று சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் எங்கள் ஊர்த் தபால்கார அண்ணன். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அனுப்பிய 10,000 ரூபாய் அம்மாவின் கணக்கில் வந்திருக்கிறது என்று தெரிந்தும் எடுக்க வழியில்லாமல் இருந்தோம். ரோடு அறுத்துக்கொண்டு கிடந்தது. கடலூர் போய் ஏ.டி.எம்மில் எடுக்கலாம் என்றால் கார்டு தண்ணீரோடு போய்விட்டது. அந்த புதன்கிழமை காலையில் அண்ணன் உடைப்பு வரைக்கும் வண்டியில் வந்து, அங்கேயே அதை நிறுத்திவிட்டு, சேற்றில் நடந்து வந்தார். பணம் எடுத்துக் கொடுக்கிற போனையும் ரேகை மெஷினையும் இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தார். போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க் என்று 2018-ல் ஆரம்பித்தார்களே, அந்த ஏற்பாடுதான். எந்த வங்கியில் கணக்கு இருந்தாலும், ஆதார் சேர்த்திருந்தால் வீட்டு வாசலிலேயே ரேகை வைத்துப் பணம் வாங்கலாம்.

ஆனால் அம்மாவுக்கு ரேகை ஏது? நாற்பது வருஷம் நாற்று நட்ட கை. பத்து நாள் சேற்றில் நின்று விரலெல்லாம் ஊறி வெடித்திருந்தது. வலது கட்டை விரல், இல்லை. ஆள்காட்டி விரல், அதுவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் மெஷினில் சிவப்பாக ஒரு வெளிச்சம் வந்து அணைந்தது. அம்மா மெல்லக் கையை இழுத்துக்கொண்டார். ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி, "வேணாம் தம்பி, உனக்கு நேரமாவுது, அடுத்த வீட்டுக்குப் போ" என்றார்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. வெந்நீர் கேட்டார். அம்மாவின் இரண்டு கையையும் அதில் முக்கி வைக்கச் சொன்னார். அப்புறம் தன் கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். குழந்தைக்குத் துடைப்பதுபோல, இடுக்கு இடுக்காக. வலது கை முடிந்து இடது கைக்கு வந்தார். நடுவில் சிக்னல் போய்விட்டது. பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்கு எல்லோரும் ஏறினோம். அங்கே, இடது கை மோதிர விரலில், பச்சை எரிந்தது.

அம்மா அழுதுவிட்டார். அண்ணன் பேனாவை எடுத்து அந்த விரல் நகத்தில் நீலமாக ஒரு புள்ளி வைத்தார். "அக்கா, இனிமே எங்க போனாலும் முதல்ல இந்த விரலை நீட்டுங்க. பத்து விரலையும் வச்சு அலைய வேணாம்."

பணத்தை எண்ணும்போது என் தம்பி பழக்கத்தில் கையை நீட்டினான். அண்ணன் அவனைப் பார்த்துச் சிரித்தார். "யார் ரேகையோ அவங்க கையிலதான் குடுக்கணும் தம்பி." ஐநூறு ரூபாய்த் தாள் இருபதையும் அம்மாவின் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தார். எங்கள் வீட்டில் அவ்வளவு பணம் அம்மா கையில் நேராக வந்து நான் பார்த்ததில்லை. அறுவடைப் பணம் அப்பா கைக்கு வரும், அதிலிருந்து கடைக்காரர் கைக்குப் போகும். அப்பா போன பிறகும் தம்பி கைக்குத்தான் வந்தது. ஒரு டீ குடியுங்கள் அண்ணா என்றேன். இன்னும் பதினோரு வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவருக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை எங்கள் செவலை மாட்டை ஓட்டிப் போக ஆள் வருவதாக இருந்தது. வைக்கோல் போர் ஆற்றோடு போய்விட்டது, மாட்டுக்குப் போட ஒன்றும் இல்லை. நல்ல நாளில் 40,000-க்குக் குறையாத மாட்டை 18,000-க்குக் கேட்டார்கள். அம்மா சரி என்று சொல்லியிருந்தார். இரவெல்லாம் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை அந்த ஆள் வந்தபோது கொட்டகையில் பத்துக் கட்டு வைக்கோல் அடுக்கியிருந்தது. அம்மா அவருக்கு மோர் கொடுத்து, "மாடு குடுக்குறதா இல்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வைக்கோல் 3,000 ரூபாய். அந்த 3,000 இல்லாவிட்டால் மாடு போயிருக்கும். மாட்டோடு தினம் சொசைட்டிக்கு ஊற்றுகிற ஆறு லிட்டர் பாலும் போயிருக்கும். அப்புறம் எங்கள் வீட்டில் ஒரு வாரச் செலவுக்கும் வட்டிக்குத்தான் போயிருக்க வேண்டும்.

மீதிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பணம் போட்டவர்களுக்குத் தெரிய வேண்டும். நிலத்தில் ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலை எடுக்க ஏழு வீடு சேர்ந்து ஜே.சி.பி. வைத்தோம். எல்லோர் கையிலும் ஒரே நேரத்தில் பணம் இருந்ததால்தான் அது நடந்தது. எங்கள் பங்கு 2,600. கொஞ்சம் மணல் நின்றாலும் மல்லாட்டைக்கு (வேர்க்கடலைக்கு) அது ஆகும் என்று அம்மா சொன்னார். விதை மல்லாட்டை 3,300. தம்பியின் பரீட்சைக் கட்டணம் 950. கடைசி 150 ரூபாய்க்கு அம்மா தனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிக்கொண்டார். நாங்களாகக் கேட்டிருந்தால் செருப்பு வேண்டும் என்று அவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கவே மாட்டார்.

வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே, பணமாகக் கொடுக்கலாம் என்று முடிவு எடுத்ததற்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? பொருளாகக் கொடுப்போம், பணம் கொடுத்தால் குடிக்குப் போய்விடும் என்று ஊரிலேயே பேச்சு எழுந்தது. கோபமாக யாரும் சொல்லவில்லை, ஊரைப் பார்த்து வந்த பயம்தான். அப்போது உங்களில் ஒருவர் போனில் சொன்னது எனக்கு மறக்காது. கென்யாவின் மேற்குப் பக்கக் கிராமங்களில் கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு நிபந்தனையே இல்லாமல் பணம் கொடுத்ததாம். ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது கூரையைப் பிரித்துத் தகரம் போட்டிருந்தார்கள், ஆடு மாடு வாங்கியிருந்தார்கள், குடிச்செலவு கூடவில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த உலக வங்கி ஆய்வாளரும் இதையேதான் சொன்னாராம். அம்மாவுக்குக் கென்யா எங்கே இருக்கிறது என்று தெரியாது. தகரமும் மாடும் என்றதும் தலையை ஆட்டினார். "நம்மள மாதிரிதான்" என்றார்.

அரிசியும் போர்வையும் கொடுத்தவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. முதல் நான்கு நாள் அதில்தான் உயிர் இருந்தது. ஐந்தாம் நாளிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தேவை வேறு வேறு. எங்களுக்கு வைக்கோல், எதிர் வீட்டுக்கு இன்சுலின், பின் தெருவில் ஒரு பெண்ணுக்குத் தையல் மெஷின் மோட்டார். இதையெல்லாம் எந்த லாரியில் ஏற்றிக் கொண்டுவர முடியும்?

அரசு ரேஷன் கார்டுக்குக் கொடுத்த 2,000-க்கும் நன்றி. ஆற்றுக்கு அக்கரையில், பாகூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் சித்தி வீட்டுக்குப் புதுச்சேரியில் 5,000 கொடுத்தார்கள், அதில் ஆயிரத்தை எங்களுக்கு அனுப்பிவைத்தார். 2023 செப்டம்பரிலிருந்து மாதம் வருகிற மகளிர் உரிமைத் தொகை 1,000-ஆல்தான் அம்மாவின் கணக்கு உயிரோடு இருந்தது. அது இல்லையென்றால் பிள்ளைகள் அனுப்பிய பணம் வந்து இறங்க இடமே இருந்திருக்காது. பயிர் நிவாரணம் ஹெக்டேருக்கு 17,000 என்று அறிவித்து, கணக்கெடுத்துப் போயிருக்கிறார்கள். எங்கள் 60 சென்ட்டுக்கு 4,100 சொச்சம் வரும். நாங்கள் குத்தகைக்கு உழுகிற ஒரு ஏக்கரின் உரிமையாளர், தன் பேரில் வரும் பணமும் உங்களுக்குத்தான், இந்த வருஷக் குத்தகையும் வேண்டாம் என்று தானாகவே வீட்டுக்கு வந்து சொன்னார். குத்தகைக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய வார்த்தை என்று விவசாயம் செய்கிறவர்களுக்குத் தெரியும். மொட்டைமாடியைத் திறந்துவிட்ட பக்கத்து வீட்டு அத்தை, மாட்டுக்கு ஊசி போட வந்த டாக்டர், படகோடு வந்த கடலோரத்து அண்ணன்மார், எல்லோருக்கும் கும்பிடு.

பால் பணத்தில் மாதம் 100 ரூபாய் தனியாக எடுத்து வைக்கிறோம். வேறு ஏதாவது ஊருக்குத் தண்ணீர் வரும்போது அதைப் பணமாகவே அனுப்புவோம், எதற்கு என்று கேட்கமாட்டோம்.

அண்ணா, நகத்தில் நீங்கள் வைத்த புள்ளி எப்போதோ அழிந்துவிட்டது. அம்மா அந்த இடத்தில் தானே பேனாவால் திரும்பத் திரும்ப வைத்துக்கொள்கிறார். சித்திரையில் மல்லாட்டை பிடுங்குவோம். முதல் படி அவித்து உங்களுக்கு என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். டீயை வேண்டாம் என்ற மாதிரி இதையும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். சூடாகக் கொண்டுவருவார்.