பேட் ஹார்ட் புல்லின் கணக்கு நோட்டு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சின்னவள் இப்போதும் விடாமல் படம் வரைகிறாள் என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம்.

கொஞ்ச நாளாக ராத்திரியில் ஒரு மனிதரைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். பெயர் ஏமஸ் பேட் ஹார்ட் புல். அமெரிக்காவின் லகோட்டா மக்களில் ஓக்லாலா பிரிவைச் சேர்ந்தவர், 1869 வாக்கில் பிறந்தவர். லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் குதிரைப்படையை லகோட்டாக்களும் ஷையன்கள் என்ற இன்னொரு பூர்வகுடி மக்களும் சேர்ந்து முறியடித்தது 1876இல்; அப்போது இவருக்கு ஏழு வயதுதான் இருக்கும். களத்தில் நின்றவர்கள் ஹீ டாக், ஷார்ட் புல் போன்ற அவருடைய அப்பா வழி உறவினர்கள். இவர் வளர்ந்து ஆளாவதற்குள் சண்டை ஓய்ந்து, பைசன் என்ற காட்டெருமை மந்தைகள் அழிந்து, ஜனங்களைக் கொண்டுபோய் பைன் ரிட்ஜில் அரசு ஒதுக்கிய நிலத்துக்குள் அடைத்தாகிவிட்டது.

முன்பெல்லாம் லகோட்டா ஆண்கள் தாங்கள் செய்த வீரச் செயல்களை பைசன் தோலில் வரைந்து வைப்பார்கள். ஓர் ஆண்டுக்கு ஒரு படம் என்று குளிர்காலக் கணக்கு வைத்திருப்பவர்களும் உண்டு. தோல் கிடைக்காமல் போன காலத்தில், வியாபாரிகளும் ராணுவமும் வரவு செலவு எழுதும் கோடு போட்ட நோட்டுகளில் வரைய ஆரம்பித்தார்கள். ஏமஸும் அப்படித்தான். 1890-91இல் நெப்ராஸ்காவில் ராபின்சன் கோட்டையில் ராணுவத்துக்கு வழிகாட்டியாக வேலை பார்த்தபோது, பக்கத்து கிராஃபோர்ட் ஊரில் ஒரு துணி வியாபாரியிடம் பழைய கணக்கு நோட்டு ஒன்றை வாங்கினார். அதற்கப்புறம் 1913இல் சாகிறவரை அந்த ஒரே நோட்டில் வரைந்த படங்கள் 400க்கும் மேல்.

அது எந்தக் கோட்டை தெரியுமா? லகோட்டாக்களின் பெயர்பெற்ற போர்த்தலைவர் கிரேஸி ஹார்ஸ் சரணடைந்தபின் 1877 செப்டம்பரில் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்துப்பட்டு இறந்தாரே, அதே இடம். அங்கேயே சம்பளம் வாங்கியவர், அந்தக் கொலையையும் தன் நோட்டில் வரைந்து வைத்தார். கிரேஸி ஹார்ஸுக்கு இதுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது, அதனால் அவரோடு சேர்ந்து சண்டையிட்டவர்கள் சொல்லக் கேட்டு ஏமஸ் வரைந்த உருவத்தை நான் எந்தப் புகைப்படத்தையும்விடப் பெரிதாக மதிக்கிறேன்.

படங்களின் கட்டமைப்பும் பிரமாதம். மேலேயிருந்து பார்ப்பதுபோல முழுக் களத்தையும், நூற்றுக்கணக்கான குதிரைகளையும் ஒரே தாளில் காட்டுவார், அதே தாளின் மூலையில் அதிலுள்ள ஒரு நிகழ்ச்சியை மட்டும் கிட்டத்தில் பெரிதாக்கி வரைவார். பக்கத்திலேயே லகோட்டா மொழியில் குறிப்பும் எழுதுவார். போர் மட்டும் இல்லை. சூரிய நடனம் என்ற சமயச் சடங்கு, வேட்டை, காதலர் சந்திப்பு, விளையாட்டு, அடைபட்ட நிலத்துக்குள் அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை நான்காம் தேதியைக் கொண்டாடுவது, 1890 டிசம்பரில் வூண்டட் நீ என்ற இடத்தில் ராணுவம் லகோட்டாக்களைக் கொன்று குவித்த கொடூரம், எதையும் விடவில்லை. தான் ஒரு போரிலும் பேர் எடுக்க முடியாத தலைமுறை என்பது அவருக்குத் தெரியும், அதனாலேயே பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுக் கேட்டு வரைந்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. காசு கொடுத்து யாரும் வரையச் சொல்லவில்லை, அவராகவே செய்தது.

அவர் இறந்தபின் நோட்டு தங்கை டாலி ப்ரெட்டி கிளவுடிடம் இருந்தது. 1920களில் ஹெலன் பிளிஷ் என்ற நெப்ராஸ்கா பல்கலைக்கழக மாணவி தேடிப்போய், வாடகை கொடுத்து வாங்கி ஆராய்ந்தார். பக்கங்களைப் புகைப்படமும் எடுத்தார்கள், பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில். 1947இல் டாலி இறந்தபோது நோட்டை அவரோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள். நாம் இன்றைக்குப் பார்ப்பதெல்லாம் அந்தப் புகைப்படங்களை வைத்து 1967இல் அச்சான புத்தகத்தைத்தான்.

இதைப் படித்த பலரும் ஐயோ என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அந்த வண்ணங்கள் போனதில் எனக்கும் வருத்தம்தான், ஆனாலும் தப்பு என்று சொல்ல மனசு வரவில்லை. நிலம், அவர்கள் புனிதமாகக் கருதிய கருங்குன்றுகள் (Black Hills) என்று எல்லாமே அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டிருந்த காலத்தில், அந்த நோட்டு ஒன்றையாவது என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. நீ என்னோடு ஒத்துப்போக மாட்டாய் என்று தெரியும், காகிதம் என்றாலே உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிற ஆள் நீ. உன் கட்சியை விரிவாக எழுது, காத்திருக்கிறேன். சின்னவளிடமும் அந்தப் போர்க்களப் படங்களைக் காட்டி, அவள் என்ன சொன்னாள் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்