சோலார் பேனலுக்கு முன்னால் தண்ணீர் மீட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் சுற்றுச்சூழலுக்கு உகந்தவையாக மாறுவது பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையைப் படித்தேன். பாதிக் கட்டுரை சோலார் பேனலுக்கே போய்விட்டது. சரி, போடட்டும். ஆனால் பத்து மாடிக் கட்டடத்துக்கும் மொட்டை மாடி ஒன்றுதான். மாடி ஏற ஏற, ஒரு வீட்டுக்கு வரும் பங்கு குறைந்துகொண்டே போகும். சில வருடம் நிர்வாகக் குழுவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் கை வைக்க வேண்டியது பராமரிப்புக் கணக்கில்.

வாடகை வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. கூரைக்கு வெப்பத் தடுப்பு போடும் செலவு வீட்டுக்காரருடையது. மின் கட்டணம் குறைவதால் லாபம் குடியிருப்பவருக்கு. அதனால் பெரும்பாலும் அந்த வேலை நடப்பதே இல்லை. கூட்டுறவில் இருவரும் ஒரே ஆள். அப்படியிருந்தும் கோட்டை விடுகிறோம். தண்ணீர்ச் செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துவிடுகிறோமே, அங்கேதான். ஒழுகும் குழாயைச் சரிசெய்தவரும் செய்யாதவரும் ஒரே தொகை கட்டினால் பிளம்பரை யார் கூப்பிடுவார்? எங்கள் சங்கத்தில் தனித்தனி மீட்டர் வைக்கும் தீர்மானம் இரண்டு பேரவைக் கூட்டங்களில் தோற்று, மூன்றாவதில்தான் நிறைவேறியது. மீட்டர் வந்த பிறகுதான் பல வீடுகளில் ஃப்ளஷ் தொட்டி சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது. என் வீட்டிலும்தான். அப்புறம் மோட்டார் ஓடும் நேரம் தானாகவே குறைந்தது.

புதிதாகக் கட்டும் சங்கங்களால் இன்னும் துணிந்து போக முடியும். சூரிச்சில் டிராம் பணிமனைக்கு மேலேயே கட்டி 2014இல் குடியேறிய கால்க்பிரைட்டே சங்கத்தில், சொந்தக் கார் வைத்துக்கொள்வதில்லை என்று குடியிருப்போர் ஒப்புக்கொள்கிறார்கள். பார்சிலோனாவின் லா போர்டா, 2018இல் முடிந்த 28 வீடுகள் கொண்ட மரக் கட்டடம். நிலத்தடிக் கார் நிறுத்துமிடமே அதில் கிடையாது. அத்தனை கான்கிரீட்டும் மிச்சம். துணி துவைக்கும் இடம் எல்லோருக்கும் பொது. கட்டி முடித்த நம் கட்டடங்களில் இவை எல்லாம் முடியாது. பொதுச் சலவை அறையாவது முடியும்.

சர்வதேச கூட்டுறவுக் கூட்டணி 1995இல் ஏற்ற ஏழு கோட்பாடுகளில் கடைசியானது, உறுப்பினர்கள் ஒப்புதல் தந்த கொள்கைகள் வழியாகச் சமூகத்தின் நீடித்த வளர்ச்சிக்குச் சங்கம் உழைக்க வேண்டும் என்கிறது. நடப்பில், பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றாதவரே நல்ல செயலாளர் என்று பெயர் வாங்குகிறார். பழுதுபார்ப்பு நிதியில் எதுவும் சேராது. மோட்டார் எரிந்த அன்று, தண்ணீர் இல்லாத அவசரத்தில், கடையில் இருப்பதிலேயே மலிவானதை வாங்கி மாட்டுவோம். அதுவும் வருடக்கணக்கில் மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

எரிவதற்கு முன்பே பழைய மோட்டாரை மாற்ற வேண்டும் என்று வரும் பேரவைக்கு ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறேன். முதல் தடவை தோற்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சங்க உறுப்பினர்