யானைக் கப்பலுக்கு ஏன் சலுகை? ஆரம்பப் பிரிவு ஆசிரிய ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்துக் கல்வி வலயங்களின் ஆசிரிய ஆலோசகர்களுக்கு,

வணக்கம். தரம் 4, 5 பிள்ளைகளோடேயே காலம் கழித்து ஓய்வுபெற்ற ஆசிரியை நான்.

ஒருமுறை பிள்ளைகளை நயினாதீவுக்குக் கூட்டிப்போனேன். நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில், பொலநறுவையிலிருந்து ஆண்ட மன்னன் தமிழில் வெட்டுவித்தது. அந்த எழுத்தை எங்களால் வாசிக்க முடியாது, சேதியைச் சொன்னேன். அரசனுக்கென்று யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்குதான் அரசனுக்கு, மிச்சம் உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி.

கடற்றொழிலாளி ஒருவரின் மகன் கேட்டான்: "ஏன் ரீச்சர், ஆனைக் கப்பல்காரனுக்கு மட்டும் கூடக் குடுத்தவர்?"

"சண்டைக்கு ஆனை வேணுமெல்லே. நட்டப்பட்டால் அவன் பிறகு வரமாட்டான்" என்றாள் பக்கத்தில் நின்றவள். ஒன்பது வயது. வரலாறு என்ற பாடமே அவளுக்கு இன்னும் தொடங்கவில்லை.

அது தனிப்பாடமாக வருவது தரம் 6இல்தான். அதற்கு முன் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் இருக்கிறது. பிள்ளை வெளியே போய்ப் பார்த்துப் படிக்கவென்று வகுத்த அருமையான பாடம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் வினாத்தாளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. யாழ்ப்பாணக் கோட்டையை முதலில் கட்டியவர் யார்? போர்த்துக்கேயர். ஒரு புள்ளி, அவ்வளவுதான். 1658இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள், பிறகு ஐங்கோணமாகக் கட்டினார்கள். அந்த மதிலின் முருகைக்கல்லைத் தடவிப் பார்த்து, கடலுக்குள் கிடந்தது இங்கே எப்படி வந்தது என்று கேட்க எங்கள் பிள்ளைக்கு ஒரு காலைப்பொழுது கிடைப்பதில்லை.

போரைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று ஆசிரியர்கள் தயங்குவது எனக்கு விளங்கும். 1995இல் போரால் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் இடம்பெயர்ந்ததைப் பிள்ளை அம்மம்மாவிடம் எப்படியும் கேட்டுத்தான் இருக்கும். மின்சாரம் இல்லாத காலத்தில் எப்படிப் படித்தீர்கள் என்று வீட்டில் விசாரித்துவரச் சொன்னேன். ஜாம் போத்தில் விளக்கும், சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட றேடியோவும் வகுப்புக்கு வந்தன. இரண்டு பிள்ளைகள் கொண்டுவந்த ஆண்டுகள் ஒத்துப்போகவில்லை. திரும்பவும் விசாரித்துவிட்டு வந்து இருவரும் வாதாடினார்கள். அன்று நான் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. போரில் ஆர் சரி, ஆர் பிழை என்று அந்த வயதுக்கு நான் தீர்ப்புச் சொன்னதில்லை. கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னதுமில்லை.

நான் கேட்பது தவணைக்கு ஒரு நாள். எல்லோரும் படகேறத் தேவையில்லை. வலிகாமத்துப் பிள்ளைகளுக்குப் பழைய பௌத்தத் தூபிகள் உள்ள கந்தரோடை இருக்கிறது, நல்லூர்ப் பிள்ளைகளுக்குப் பழைய மாளிகையான மந்திரிமனையும் பழைய கேணியான யமுனா ஏரியும் நடை தூரம். போய்வந்த பின் அதிலிருந்து தயவுசெய்து வினாத்தாள் போடாதீர்கள்.

பஸ் காசு, அனுமதிக் கடிதம் எல்லாம் அதிபர்களுக்குத் தலையிடி என்று தெரியும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் காணாவிட்டால் எங்களைப் போல ஓய்வுபெற்றவர்களைக் கூப்பிடுங்கள். தண்ணீர்ப் போத்திலோடு காலை ஏழு மணிக்கே வந்து நிற்போம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
யாழ்ப்பாணம்