சுழல் மேடைத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் நாடக அரங்கின் சுழல் மேடை, அதாவது காட்சி மாற்றச் சுற்றும் வட்டத் தட்டு, முடிந்துவிட்டது. 20 அடி விட்டம். எட்டுத் துண்டுகளாகக் கழற்றிப் பூட்டக்கூடிய இரும்புச் சட்டம். அதன்மேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு அடுக்கு. கறுப்பு வண்ணம், படிகள், ஓரப் பலகை எல்லாம் வரைபடத்தில் உள்ளபடியே முடிந்தன.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். பொருத்தி முடித்த 48 சக்கரங்களை ஏன் பிடுங்கினோம்? ஐந்து வாரத் தாமதம் எதனால்?

ஒப்பந்ததாரர் பொருத்தியவை எல்லாப் பக்கமும் திரும்பும் காஸ்டர்கள். தட்டின் அடியில் மாட்டி, தரையில் உருளவிட்டிருந்தார். வலப்பக்கம் சுற்றும்வரை ஒரு குறையும் தெரியவில்லை. ஒத்திகை அன்று மேடையில் ஒரு மேசை, அதன்மேல் தளும்பத் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வைத்துச் சுற்றினோம். டம்ளர் அசையாமல் நின்றது. இடப்பக்கம் திருப்பினோம். தட்டு ஒரு பக்கமாக வெட்டி இழுத்தது, டம்ளர் கவிழ்ந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவருக்கும் அந்தக் கரகரப்பு கேட்டது. தள்ளுவண்டியைப் பின்னால் இழுத்தால் அதன் முன்சக்கரங்கள் ஒரு அரைவட்டம் அடித்துத்தான் நேராகும். இங்கே 48 சக்கரங்களும் அதையே ஒரே நேரத்தில் செய்தன. நடு அச்சு தட்டை இடத்தில் பிடித்துவைக்கத்தான். இந்த இழுப்பையெல்லாம் ஒவ்வொரு காட்சியிலும் அது எத்தனை நாள் தாங்கும்?

"பழகினால் சரியாகிவிடும்" என்றார் ஒப்பந்ததாரர். மேலே நடிகர்கள் நிற்கப்போகிறார்கள், பழகட்டும் என்று விட முடியாது என்று நாங்கள் சொன்னோம். எந்தச் சக்கரம் என்று வரைபடத்தில் எழுதவில்லையே என்று அவர் திருப்பிக் கேட்டார். அது உண்மை. எத்தனை சக்கரம், ஒவ்வொன்றும் எவ்வளவு எடை தாங்கவேண்டும் என்று எழுதினோம். திரும்பாத சக்கரம் என்று எழுதவில்லை. அந்தத் தவறு குழுவுடையது. அதனால்தான் பழைய சக்கரங்களின் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டோம். மாற்றிப் பொருத்த அவர் மறுத்ததால், செய்த இரும்பு வேலைக்கு மட்டும் கணக்கு முடித்து அனுப்பினோம். அந்த இரும்பு வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

அப்புறம் வேலையைத் தலைகீழாக மாற்றினோம். திரும்பாத பி.யூ. (பாலியூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பொருள்) சக்கரங்களைத் தரையில் மேல்நோக்கிப் பதித்து, தட்டை அவற்றின்மேல் உட்கார வைத்தோம். சக்கரம் தட்டோடு ஓடினால் அது ஓடும் தடம் முழுக்கத் தரை சமமாக இருக்கவேண்டும். சக்கரம் தரையில் இருந்தால் 48 இடங்களில் மட்டம் பார்த்தால் போதும். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) பிடித்து, தாழ்ந்த இடங்களில் தகடு வைத்து ஏற்றினோம். நடு அச்சில் நூல் கட்டி ஒவ்வொரு சக்கரத்துக்கும் இழுத்துப் பிடித்தோம். சக்கரத்தின் அச்சு அந்த நூலோடு ஒட்டி நிற்கவேண்டும். கொஞ்சம் விலகினாலும் அந்தச் சக்கரம் உருளாமல் தேயும். இதற்கு மட்டும் நான்கு இரவுகள். ஐந்து பேர் முட்டி போட்டபடியே செய்தார்கள். மறுபடி அதே மேசை, அதே டம்ளர். இரண்டு பக்கமும் சுற்றினோம். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

இந்த மேடையே வீண் ஆடம்பரம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். ஒசாகாவில் நமிகி ஷோசோ 1758-லேயே கபுகி நாடகத்துக்குச் சுழல் மேடை அமைத்தார். மியூனிக்கில் கார்ல் லவுட்டன்ஷ்லேகர் 1896-ல் மின்சாரத்தில் ஓடுவதை அமைத்தார். காட்சி மாறும்போதெல்லாம் திரை போட்டு ஆட்களைக் காக்க வைக்காமல் கதையை ஓடவிட அவர்கள் கண்ட வழி இது. நமக்கும் அதே தேவைதான்.

மோட்டார் வேண்டுமா என்பதிலும் இரண்டு கருத்து இருந்தது. ஓரத்தில் ரப்பர் சக்கரம் அழுத்தி ஓட்டும் முறையைத் தேர்ந்தோம். ஏதாவது சிக்கினால் ரப்பர் வழுக்கும், தட்டு முரட்டுத்தனமாக இழுக்காது. ஒரு சுற்றுக்கு 40 விநாடி. ஓரத்தில் நிற்பவர் விநாடிக்கு ஒன்றரை அடிதான் நகர்வார். மின்சாரம் போனால் ரப்பர் சக்கரத்தை விலக்கும் நெம்புகோலைத் தூக்கிவிட்டு நான்கு பேர் தள்ளலாம். அவசர நிறுத்தப் பொத்தான் இரு பக்கத் திரை மறைவிலும் உண்டு.

கொடையாளர் பெயர்கள் வாசல் பலகையில் உள்ளன. பிளைவுட் முழுவதும் கொடுத்தவர், நடு அச்சும் பேரிங்கும் கடைந்து தந்தவர், மோட்டார் கொடுத்த சகோதரர்கள், புதுச் சக்கரங்களில் பன்னிரண்டைத் தன் பொறுப்பில் வாங்கிய மூத்த நடிகை, வண்ணம் தந்தவர், வயரிங் கூலி வாங்காத இளைஞர், நான்கு இரவும் அரங்கைத் திறந்து வைத்துக் கூடவே விழித்திருந்த காவலர் என எல்லோருக்கும் குழுவின் நன்றி. நூல் பிடித்த அந்த ஐந்து பேரின் பெயரையும் பலகையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

வரவு செலவுத் தாள் அலுவலகத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். ஒரு வேண்டுகோள்: நாடகம் முடிந்ததும் கனமான செட்டைத் தட்டின்மேல் வாரக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். ஒரே இடத்தில் அழுந்தினால் பி.யூ. சக்கரம் தட்டையாகிவிடும். அன்றிரவே இறக்கிவிட்டு, சாவியைக் காவலரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர், கட்டடக் குழு